நான்காம் பிளக்கை மாற்றியவர்

1

ஒரு கடிதத்தை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஏழு வரிகளுக்கு மேல் போகவேண்டாத கடிதம். அதை எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் கதை பிறந்தது. கடிதத்தில் சொல்லக்கூடாதவை என்று நான் ஒதுக்கியவை எல்லாம் மேசையின் மறுபுறத்தில் சேர்ந்து, தமக்கும் தாள் கேட்டன.

செய்தி இதுதான். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து என்னும் ஊரில் என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் சிங்காரவேலு. சுரங்க வேலைக்கு ஜீப்புகளும் லாரிகளும் விட்டுவந்த ஓர் ஒப்பந்தக்காரரின் பட்டறையில் நெடுங்காலம் ஃபோர்மேனாக இருந்தவர். அந்தப் பட்டறை ஈராண்டுகளுக்கு முன் மூடப்பட்டது. அதில் பதினோராண்டு வேலை செய்தவர் அம்சவல்லி. இதே வடக்குத்தில் பிறந்தவர். இப்போது வேறோரிடத்தில் ஃபிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். காண்ட்ராக்ட் அன்று, பெர்மனெண்ட். அந்தச் சொல்லின் எடையை நெய்வேலியில் யாருக்கும் விளக்க வேண்டுவதில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றுகளைச் சரிபார்க்கிறார்கள். பதினோராண்டு தாம் செய்தது ஃபிட்டர் வேலைதான் என்று அம்சவல்லி நிறுவ வேண்டும். அதை எழுத்தில் சொல்லக்கூடியவர் உலகில் ஒருவரே. அவர் சிங்காரவேலு.

அவர் கையெழுத்திட வேண்டிய கடிதத்தை நான் எழுத வேண்டும். நான் அறிவியல் ஆசிரியன். தமிழ்வழி வகுப்புகளில் முப்பத்தோராண்டு இயற்பியல் நடத்தியவன். இலக்கணம் என் பாடமன்று, என் பிடிவாதம். ஆதலால் நான் எழுதினால் பிழை இராது என்று தெருவில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன். அடித்தவற்றை மறைக்க விரும்பவில்லை.

முதல் தொடக்கம்: "நெய்வேலியின் மண்ணுக்கடியில் பழுப்புக்கரி பல ஊழிகளாக உறங்கிக்கொண்டிருக்——"

நிறுத்திவிட்டேன். மூன்று ஷிப்டு ஓடும் ஊரில் எதையும் உறங்க வைப்பது பொய்.

இரண்டாம் தொடக்கம்: "சிங்காரவேலு நல்லவர்." இஃது உண்மை. ஆயினும் ஒரு கதை இப்படித் தொடங்கினால் இரண்டாம் வரியிலேயே வாசகர் அவரைச் சந்தேகிப்பார். (சந்தேகிக்க வேண்டா. கேட்பவருக்குத் தம் ஏணியையும் சைக்கிள் பம்பையும் முகம் சுளியாமல் தருபவர் அவர்.)

மூன்றாம் தொடக்கம் குழாய். அதுவே சரியென்று பட்டது. கதையில் யாவும் அந்தக் குழாயால் வந்தன.

சிங்காரவேலுவிடம் உற்பத்தி நின்றுபோன ஒரு பழைய பெட்ரோல் கார் உண்டு. அதன் எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்ற, பிறந்தபோது அதற்கு வாய்த்தது கட்டைகுட்டையான ஒரு வார்ப்பிரும்புக் குழாய். அவர் மகன் அஸ்வின், வெளிநாடு போவதற்கு முன், அதைக் கழற்றி எறிந்துவிட்டு 'ஹெட்டர்ஸ்' என்னும் வேறொன்றை வாங்கி மாட்டினான். நான்கு சிலிண்டர்களுக்கும் நான்கு தனி நீளக்குழாய்கள். வளைந்து நெளிந்து கீழே போய் ஒன்றாகச் சேரும். எஞ்சின் தடையின்றி மூச்சுவிடும் என்பது அதன் தத்துவம். அறிவியலில் குற்றமில்லை. ஆனால் குழாயை வளைத்தவர், வண்டிக்குச் சிலிண்டருக்கு ஒன்றாகத் தீப்பொறி தரும் பிளக் உண்டு, அதை என்றேனும் மாற்ற நேரும் என்பதை எண்ணியதாகத் தெரியவில்லை. நான்காம் குழாய், நான்காம் பிளக்கின் வாய்க்கு நேரே வந்து திரும்புகிறது. பின்னால் தகரச்சுவர், பக்கத்தில் குழாய். இடையே இருப்பது ஒரு மெலிந்த கை நுழையும் சந்து.

3

சனிக்கிழமை காலை எட்டரை மணி. சிங்காரவேலு வீட்டின் முன்பக்கக் கொட்டகையில் காரின் பானெட் திறந்திருந்தது. அவர் தலை உள்ளே இருந்தது.

"என்ன ஆயிற்று?" என்றேன்.

"நாலு பேர்ல ஒருத்தன் ஷிப்டுக்கு வரலீங்க சார்" என்றார், தலையை எடுக்காமலே. "மூணு சிலிண்டர்ல ஓடுது. நாளைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கெளம்போணும். கமலா தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம்."

அவர் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். இங்கு வந்து முப்பது ஆண்டு கழிந்தும் சில சொற்களை மட்டும் மாற்றிக்கொள்ளவே இல்லை. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளிருந்து மோருடன் வந்த அவர் மனைவி கமலா, என்னைப் பார்த்துக்கொண்டு அவருக்குச் சொன்னார்: "பையன் மாட்டுன கொழாயி, அப்பன் கை உள்ள போகலீங்களாமா. நான் அன்னைக்கே கேட்டேன், காருக்கு எதுக்குடா நாதஸ்வரம்னு."

"சும்மா இரு கமலா. மூணு பிளக்கு கழட்டி மாத்தியாச்சு. இந்த நாலாவதுதான்."

"குழாயையே கழற்றிவிட்டால்?" என்றேன்.

"கழட்டலாமுங்க. ஆனா அதைப் புடிச்சிருக்கற ஸ்டட்டு போல்ட்டெல்லாம் துருவேறிக் கெடக்குது. ஒண்ணு முறிஞ்சாலும் எஞ்சின் ஹெட்டையே எறக்கோணும். அப்புறம் நிச்சயதார்த்தத்துக்கு பஸ்ஸுதான்." புறங்கையில் உரிந்திருந்த தோலைப் பார்த்துக்கொண்டார். "இதுக்கு அம்சாதான் வரோணும்."

"எந்த அம்சா? நீங்க பேரே எழுதாம விட்டீங்களே, அந்த அம்சாவா?"

(இந்த வரியைக் கமலா சொன்னாரா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. "எந்த அம்சா?" என்பது என் காதில் விழுந்தது உறுதி. மற்றதை நான் சேர்த்திருக்கலாம். இருமுறை நீக்கிப் பார்த்தேன். நீக்கினால் அவ்வீட்டில் அதைச் சொல்ல வேறொருவரும் இல்லை. ஆதலால் இருக்கட்டும்.)

4

அம்சவல்லி மொபெட்டில் வந்தார். முன்னால் ஒரு சாக்குப்பை. உள்ளே இரும்பின் ஒலி.

"வாம்மா அம்சா."

"வந்துட்டேன் ஃபோர்மேன் சார். நான் கேட்டது இன்னா ஆச்சு?"

"மொதல்ல பிளக்கு."

"மொதல்ல லெட்டருன்னுதான் ரெண்டு வாரமா வந்துகினு போயிகினு இருக்கேன்."

"வாத்தியார் எழுதித் தர்றேன்னுருக்காரு. இது முடியட்டும். நாளைக்கே போட்டுத் தர்றேன்."

அம்சவல்லி என் பக்கம் திரும்பினார். "சாரு கேட்டுகினீங்க இல்ல?"

"கேட்டேன்" என்றேன். அந்த ஒரு சொல்லால் நான் சாட்சியானேன். அப்போது அஃது எனக்குப் புலப்படவில்லை.

பையிலிருந்து அவர் எடுத்த பிளக் ஸ்பேனர் வழக்கமான நீளத்தில் பாதியே இருந்தது. மேல்தலையில் ஒரு பெரிய நட்டு வெல்டிங் வைக்கப்பட்டிருந்தது.

"இதென்ன கோலம்?" என்றார் சிங்காரவேலு.

"நீட்டா இருந்தா கொழாயில இடிக்குது. அறுத்துட்டா திருப்பறதுக்குப் புடி இல்ல. அதான் தலையில நட்டு வச்சிட்டேன். சைடுலேந்து ரிங் ஸ்பேனர் போட்டுக்கலாம்."

"நம்ம பட்டறை ஸ்பேனர் மாதிரி இருக்குது."

"நம்ம பட்டறைதுதான். ஒடஞ்சிடுச்சின்னு நீங்களே எழுதித் தூக்கிப் போட்டது."

கமலா சிரித்துவிட்டு உள்ளே போனார்.

5

இந்தப் பகுதியை நான் நிதானமாக எழுத வேண்டும். அம்சவல்லி என்ன செய்தார் என்பதே வழக்கு. அதில் ஓர் அடி விட்டுப்போனாலும் அவருக்கு நான் செய்யும் தீங்கு.

முதலில் அவர் பிளக்கைத் தொடவே இல்லை. சைக்கிள் பம்பின் குழாயை அந்தச் சந்துக்குள் விட்டு, பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் பத்துப் பதினைந்து முறை காற்றடித்தார். கரித்தூள் ஒரு சிறு மேகமாய் எழுந்தது. பிளக்கைக் கழற்றிய பின் அத்தூள் விழுமிடம் சிலிண்டரின் உட்புறம் என்றார். சிங்காரவேலு முதல் மூன்று பிளக்குகளுக்கும் இதைச் செய்யவில்லை என்பதை நானும் அவரும் ஒரே கணத்தில் நினைத்துக்கொண்டோம் என்று நம்புகிறேன்.

பிறகு கையை உள்ளே விட்டு, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். எதிர்ச்சாரியில் உள்ள பப்பாளி மரத்தைப் பார்த்தவாறே வேலை செய்தார்.

"அங்கே என்ன தெரிகிறது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியல சார். இங்க பாத்துகினே செஞ்சா கண்ணு குறுக்க வந்துகினே இருக்கும். வேற எங்கனா பாத்தாதான் கை தானா தேடும்."

குட்டை ஸ்பேனர் உள்ளே போயிற்று. ரிங் ஸ்பேனர் அதன் தலையைக் கவ்வியது. ஒரு தடவைக்குக் கால்வாசித் திருப்பமே கிடைத்தது. எடுத்து மாற்றிப்போட்டு, மறுபடியும் கால்வாசி. இருபது நிமிடத்தில் பழைய பிளக் வெளியே வந்தது. அதன் முனை தேய்ந்து கறுத்திருந்தது. அன்று ஷிப்டுக்கு வராதவன் அவன்தான்.

புதிய பிளக்கை ஏற்ற அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஒரு சாண் நீளமுள்ள ரப்பர் ஓஸ் பைப்பை எடுத்துப் பிளக்கின் வாலில் செருகினார். ஓஸின் மறுமுனையை விரல்களுக்கிடையே உருட்டினால் உள்ளே பிளக்கும் சுழலும்.

"மரை கோணலா ஏறுச்சின்னா ஓஸ் வழுக்கிடும், நமக்குத் தெரிஞ்சிடும். ஸ்பேனரு வழுக்காது. கோணலாவே ஏறிகினு போவும். அப்பறம் ஹெட்டே போச்சி."

(மரை என்பது இங்கே திருகில் சுற்றிச்சுற்றிச் செல்லும் வரிப்பள்ளம். பழந்தமிழில் அஃது ஒரு மானின் பெயருமாகும். இவ்வொற்றுமையை எண்ணி நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். மகிழாமல் காதைத் தீட்டி வைத்திருந்தால் அடுத்த பகுதி நேர்ந்திராது.)

6

"அவ்வமயம் எதிர்பாராத வகையில் எஞ்சின் இயக்கப்பட்டது."

இஃது என் முதற்படி. இலக்கணப்படி பழுதற்ற வாக்கியம், செயப்பாட்டுவினை. எதை இயக்கினார்கள் என்பது உண்டு, எப்போது என்பது உண்டு. யார் என்பது மட்டும் இல்லை. இரண்டாம் படியில் "எஞ்சின் இயங்கத் தொடங்கிற்று" என்று எழுதினேன். இப்போது எஞ்சினே தன் விருப்பத்தால் எழுந்துகொண்டது. மூன்றாம் படியில் சாவியில் ஏதோ கோளாறு என்று ஒரு பத்தி——

போதும். நான் இயக்கினேன்.

ஓட்டுநர் இருக்கையில் நான் இருந்தேன். சிங்காரவேலுதான் உட்காரச் சொன்னார். "சார், நான் சொல்றப்ப சாவியைத் திருப்பி, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுங்க" என்பது அவர் எனக்கிட்ட கட்டளை. திறந்த பானெட் என் பார்வையை மறைத்தது. கண்ணாடிக்கு அப்பால் நீலத் தகரம் மட்டும், குரல்கள் அதற்கப்பால்.

பிளக் இரண்டு மரை ஏறியிருந்தது. "நேராத்தான் ஏறுது" என்று அம்சவல்லி சொன்னது கேட்டது. உடனே சிங்காரவேலுவின் குரல்:

"அப்ப முடுக்கு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நல்லா முடுக்கு."

சாவியைத் திருப்பினேன். வலக்காலை நன்றாக அழுத்தினேன். முடுக்கினேன்.

7

முப்பத்தோராண்டு கரும்பலகையில் எழுதினேன்: முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். முடுக்கு என்றால் வேகத்தைக் கூட்டு. காரில் முடுக்கி என்றால் ஆக்ஸிலேட்டர். என் சொந்த ஊராகிய அம்பாசமுத்திரத்தில் முடுக்கு என்றால் இரு வீடுகளுக்கிடையே உள்ள சந்து; ஆனால் காருக்குள் உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் சந்தைப்பற்றிப் பேசமாட்டார்கள் என்பதால் அப்பொருளை விலக்கினேன். மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கோபிச்செட்டிப்பாளையத்தில் நட்டை முடுக்குவார்கள். இறுக்கிப் பூட்டுவார்கள் என்று பொருள். சிங்காரவேலு பேசியது என்னிடம் அன்று, அம்சவல்லியிடம். அகராதியில் அப்பொருளும் தெளிவாக இருக்கிறது. நான் அதைப் பார்த்தது பிற்பகலில்.

எல்லா மாவட்டத்தாரும் வந்து குடியேறிய ஊரில் ஒருவர் சொல்லை மற்றவர் ஓரளவு ஊகித்தே வாழ்கிறோம். பெரும்பாலும் ஊகம் பலித்துவிடுகிறது.

எஞ்சின் மூன்று நொடி ஓடியிருக்கும். படாரென்று ஓர் ஓசை. பிளக், வாலில் ஓஸுடன், பானெட்டின் அடிப்பக்கத்தில் மோதித் தரையில் விழுந்தது. அம்சவல்லி கையைப் பறித்து இழுத்ததில் ஒரு கிளாம்பின் விளிம்பு மணிக்கட்டைக் கிழித்திருந்தது. நான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி ஓடியபோது அவர் தரையில் குந்தியிருந்தார். இரத்தத்தைப் பார்க்கவில்லை. பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி அதன் மரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத ரெண்டு வரி அடி வாங்கிடுச்சி" என்றார். "ஹெட்லயும் வாங்கியிருக்கும்."

8

"நான் முடுக்கச் சொன்னேன். நீ முடுக்கலே" என்றார் சிங்காரவேலு. அவர் முகம் வெளுத்திருந்தது. அச்சந்தான், சினமாக வெளிவந்தது. "ரெண்டு மரையில நிறுத்துனா பறக்காம என்ன பண்ணும்?"

"ஓஸை எடுத்துட்டு ஸ்பேனர் போட வேணாமா சார்? அதுக்குள்ள வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சி."

"தானா எப்படி ஆகும்?"

அம்சவல்லி பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"நான் சொல்லாம சார் பண்ணமாட்டாரு. அவரு வாத்தியாரு. நீ ஏதாச்சும் சைகை காட்டியிருப்பே."

அந்த வாக்கியத்தில் என்மேல் அவருக்கிருந்த மதிப்பு முழுவதும் இருந்தது. அந்த மதிப்புக்குள் நான் ஒளிந்துகொண்டேன். நான் வாய் திறந்து சொன்னது இது: "முதலில் காயத்துக்கு மருந்து போடுங்கள்."

"மருந்து வூட்ல இருக்குது சார்" என்றார் அம்சவல்லி.

சிங்காரவேலு கைதுடைக்கும் துணியை உதறினார். "இதுக்குத்தாம்மா ரெண்டு வாரமா ரோசிச்சேன். ஃபிட்டர்னு எழுதிக் குடுத்துப்போட்டு, நாளைக்கு அங்கயும் இப்படி ஆச்சுன்னா கேள்வி யாரைக் கேப்பாங்க?"

கடிதம் அந்த இடத்தில் போயிற்று. அம்சவல்லிக்கு அது புரிந்தது. கிளம்பியிருக்கலாம். அவர் கிளம்பவில்லை. மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிப் பல்லால் முடிச்சிட்டார். பிறகு சற்றுமுன் கழற்றிய பழைய நான்காம் பிளக்கை எடுத்து, ரம்பத் தகட்டால் அதன் மரையின் மேல் நீளவாக்கில் இரண்டு காடிகள் அறுத்தார். காடி நிறையக் கிரீஸ் அப்பினார்.

"இது எதுக்கு?" என்றார் சிங்காரவேலு.

"மரை வெட்டற டேப்புக்குப் பதிலா. அடி வாங்குன மரைய இது நேராக்கிகினு போவும். பிசிறெல்லாம் கிரீஸ்ல ஒட்டிக்கும்."

"இதெல்லாம் எங்க கத்துகிட்டே?"

"உங்க பட்டறையிலதான். டேப் செட்ட பீரோவுல வச்சிப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிகினு வூட்டுக்குப் போயிடுவீங்களே. ரெண்டாவது ஷிப்டுல நாங்க இன்னா பண்றது?"

வாசற்படியில் நின்ற கமலா, "அந்தச் சாவி இன்னும் எங்க வீட்டு ஆணியிலதான் தொங்குது" என்றார்.

காடியிட்ட பழைய பிளக் அரைச்சுற்று முன்னே, கால்சுற்றுப் பின்னே என்று உள்ளே போய் வந்தது. மூன்று முறை எடுத்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் இட்டார். பப்பாளி மரத்தைப் பார்த்தவாறே முப்பத்தைந்து நிமிடம். எஞ்சிய பிசிறு ஏதேனும் இருந்தால் காற்றோடு வெளியேற, பிளக் மாட்டாமலே எஞ்சினை ஒருமுறை சுற்றவிட வேண்டும் என்றார். நான் மறுபடியும் ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். தம் கையை வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி பானெட்டின் விளிம்பில் வைத்தார். பின்பு என் இருக்கையின் சன்னலுக்கு வந்து குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சாவி மட்டும் சார். முடுக்க வேணாம்."

என் பொருளில் சொன்னார். அவர் ஆயுளில் அச்சொல்லை அப்பொருளில் கேட்டது அன்று ஒருமுறைதான் இருக்கும். அதுவும் கேட்டதன்று, நடந்ததைப் பார்த்து விளங்கிக்கொண்டது. நேர்ந்தது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டியவன் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

புதிய பிளக்கின் அடிபட்ட வரிகளை அரத்தால் சீராக்கி மறுபடியும் ஏற்றினார். பகல் பன்னிரண்டுக்குக் கார் நான்கு சிலிண்டரில் ஓடியது. அம்சவல்லி சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேளாமல் போனார்.

9

பிற்பகல் மூன்று மணிக்குத் தெருவைக் கடந்தேன். அகராதியைக் கையில் எடுத்துச் சென்றேன். (இது தேவையா? தேவையில்லை. ஆயினும் எடுத்துச் சென்றேன். எழுதாமல் விட்டால் நான் வெறுங்கையோடு போன நேர்மையாளன் போலத் தோன்றுவேன்.)

சொன்னேன். சிங்காரவேலு முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"முடுக்குன்னா ஆக்ஸிலேட்டருங்களா? யாருங்க சார் அப்படிச் சொல்றது?"

"நான் சொன்னேன். முப்பத்தோராண்டு. ஆண்டுக்கு நாற்பது பேரிடம்."

"அட, போங்க சார்." சிரிப்பு அடங்கியது. "அப்ப அம்சா மேல தப்பில்லே."

"துளியும் இல்லை. ஆகவே கடிதத்தில் கையெழுத்திடுவதில் இனித் தடை——"

"தடை அதில்லீங்க சார்."

எழுந்து அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துவந்தார். பட்டறை மூடியபோது பதிவேடுகளில் ஒன்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டாராம். அவர் கையெழுத்து உருண்டு திரண்டு அழகாக இருந்தது. "பிளக் சேஞ்ச்டு. ஓகே." "கிளட்ச் பிளேட் ஃபிட்டட். ஓகே." பக்கத்துக்குப் பக்கம் அப்படியே. கடைசிக் கட்டத்தில் ஆள் விவரம்: "ஹெல்ப்பர் - 1."

"அந்த ஒண்ணுதான் அம்சா" என்றார். "பேரு வேண்டாம், ஹெல்ப்பர்னு போட்டாப் போதும்னு காண்ட்ராக்டர் சொன்னாரு. நானும் போட்டேன். இதோட நகல் இப்ப ஆள் எடுக்கற அந்த ஆபீசுக்குப் போயிருக்குது. இப்ப அத்தனையும் அம்சவல்லிதான் செஞ்சான்னு எழுதுனா, அன்னைக்கு எழுதுனது என்னன்னு கேப்பாங்கல்லங்க. என் கையெழுத்துக்கு எதிரா நானே கையெழுத்துப் போடோணும்."

பதினோராண்டு. ஓர் எழுவாய்கூட இல்லை. மாற்றப்பட்டது, பொருத்தப்பட்டது, சரியாக உள்ளது. அதைப் பார்த்து நான் என்ன சொல்வது? என் மேசைமேல் "எஞ்சின் இயக்கப்பட்டது" என்ற வரி அடிக்கப்படாமல் கிடந்தது.

உடன் கொண்டுபோயிருந்த கடிதத்தில் பதிவேட்டைப்பற்றியும் ஒரு வரி சேர்த்து நீட்டினேன். அவர் இருமுறை படித்தார். சேர்த்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"இந்த ஒரு வரியை எடுத்துருங்க சார். இப்பவே போடறேன்."

10

அன்று மாலையே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) சிங்காரவேலு அவ்வரியுடனே கையெழுத்திடுகிறார். கமலா கண் கலங்குகிறார். (கமலா கலங்கமாட்டார். ஏதேனும் குத்தலாகச் சொல்வார்.)

(ஆ) அவர் கையெழுத்திடாமல் நிச்சயதார்த்தத்துக்குப் போகிறார். அம்சவல்லி வெறுங்கையோடு அலுவலகம் சென்று, அங்கே நின்றுபோன வண்டி ஒன்றைச் சரிசெய்து அதிகாரியை வியப்பில் ஆழ்த்து—— இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பது அப்படி நடப்பதில்லை. சான்றில்லாதவர் பெயரை வாசிக்காமலே அடுத்தவரை அழைப்பார்கள்.

(இ) சாட்சி என்ற முறையில் நானே கையெழுத்திடுகிறேன். பிளக்கைப்பற்றி இயற்பியல் ஆசிரியன் தரும் சான்று என்ன பெறும்? அதிலும் எந்த ஆசிரியன்?

ஞாயிறு காலை அம்சவல்லி வந்தார். மணிக்கட்டில் மஞ்சளும் துணியும் இருந்தன. கதையைப் படித்துக் காட்டினேன். இஃது என்னைப்பற்றிய கதையும் ஆகையால் மறைக்க மனம் வரவில்லை. இடையில் ஒருமுறைதான் குறுக்கிட்டார்.

"சைக்கிள் பம்பு யாருதுன்னு எழுதுங்க சார். ஃபோர்மேனுது. அது ஒண்ணாவது குடுத்தாரு இல்ல."

எழுதிக்கொண்டேன். அதன்பின் சிங்காரவேலு கேட்டதைச் சொன்னேன். பதிவேட்டு வரியை எடுத்துவிட்டால் உடனே கையெழுத்து.

மணிக்கட்டுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அந்த வரி இல்லாம எனக்கு லெட்டரு வேணாம் சார். அங்க ரிஜிஸ்டர் நகல வச்சிகினுதான் கேப்பாங்க. உன் பேரு எங்கம்மா இதுலன்னு கேட்டா நான் இன்னா காட்டுவேன்? கையவா?"

"அப்படியானால் கதையின் முடிவை எப்படி வைக்கட்டும்?" என்றேன். (அ)வையே வைத்துவிட எனக்கு ஆவல். அவருக்குச் செய்த பிழைக்கு என்னால் இயன்ற ஈடு அதுதான் என்று எண்ணினேன். "சிங்காரவேலு கையெழுத்திட்டார் என்றே முடிக்கிறேன்."

"வேணாம் சார்."

"ஏன்?"

"அவரு நீங்க எழுதறத எல்லாம் படிக்கிறாரு. கதையில கையெழுத்துப் போட்டுட்டாருன்னு நீங்க எழுதிட்டீங்கன்னா, படிச்சிட்டு அவருக்கு மனசு ஆறிடும். நெசத்துல போட வேணாம்னு ஆயிடும். போடலைன்னும் எழுதாதீங்க. அப்பறம் நான் போடாதவன்தானேன்னு கெளம்பிடுவாரு."

எழுந்து மொபெட்டை நோக்கி நடந்தார். படியில் நின்று திரும்பி, "அப்பிடியே வுட்ருங்க" என்றார்.

11

"வாசகரே, இக்கதையின் முடிவை உங்களிடம் ஒப்படைக்கி——"

இல்லை. மன்னிக்க வேண்டும். முடிவு உங்களுடையதன்று. என்னுடையதும் அன்று. இப்போது ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. எதிர்வீட்டில் பெட்டிகளைக் காரில் ஏற்றுகிறார்கள். ஐந்து மணிக்குக் கிளம்புவார்கள். இக்கதையைச் செவ்வையாகப் படியெடுத்து முடித்துவிட்டேன். நான் சாவியைத் திருப்பினேன் என்பது எழுவாயுடனும் பயனிலையுடனும் அதில் இருக்கிறது. உங்களுக்கெல்லாம் முன்னால் இதைப் படிக்கப்போகிறவர் ஒருவர். கடைசித் தாளாகக் கடிதத்தை வைத்து, தெருவைக் கடந்து, அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். உங்களுக்குக் கிடைப்பது நகல்.

சிங்காரவேலு, படித்தாயிற்றா? அடுத்த தாள் உங்களுடையது.

*உரியவர்க்கு:*

*வடக்குத்தைச் சேர்ந்த அம்சவல்லி, நான் ஃபோர்மேனாக இருந்த பட்டறையில் பதினோராண்டு ஃபிட்டர் வேலை செய்தார்.*

*பிளக்குகளை அவர் மாற்றினார். கிளட்ச் தட்டுகளை அவர் பொருத்தினார். சிதைந்த மரைகளை அவர் சீராக்கினார்.*

*அவர் செய்த வேலைகளை என் பதிவேட்டில் அவர் பெயரின்றி எழுதியவன் நான்.*

*இவ்வேலைக்கு அவர் முற்றும் தகுதியானவர்.*

*இப்படிக்கு,*

*.......................................*